நான் ஒரு நாளும் அடித்ததில்லையே

கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஹட்டிகள் என்னும் படகர் ஊர்களிலும், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன்களிலும் பதினெட்டு ஆண்டுகளாகத் தபால் கொண்டு போகிறேன். ஒரு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது பழகுவதற்கு முன்பே, அங்கே நாய் உண்டா, அது எங்கே கட்டியிருக்கிறது, சங்கிலி எதுவரை எட்டும் என்பது எனக்குப் பழகிவிடும். எந்தப் படியில் நின்று குரல் கொடுக்கலாம், எந்த வேலியோரம் போகக்கூடாது என்பதெல்லாம் என் கால்களுக்கே தெரியும். இப்படி வாசல் வாசலாக நின்று பார்த்துப் பார்த்துத்தான், வீட்டில் வளர்க்கும் பிராணிக்கு எது கொடுமை என்ற கேள்வி எனக்குள் வளர்ந்தது. எழுத நினைத்துப் பல நாட்களாகத் தள்ளிப்போட்டு வந்ததை, போன ஐப்பசியில் நடந்த ஒன்று எழுத வைத்திருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை எங்கள் பக்கம் வலுவாகவே பெய்யும். அப்படி ஒரு மழை நாளில், லைன் வீடுகளைத் தாண்டித் தனியே இருக்கும் ஒரு வீட்டுக்குப் பதிவுத் தபால் கொண்டு போனேன். அங்கே ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். அவருக்குத் துணை ராமு என்ற நாட்டு நாய். விறகு அடுக்கியிருக்கும் சாய்ப்புக்குக் கீழே ஒரு முளையில் அதைக் கட்டியிருப்பார். வழக்கமாக என்னைக் கண்டதும் சங்கிலியை இழுத்துக்கொண்டு குரைக்கும் ராமு, அன்று ஈரச் சாக்கின் மேல் படுத்தபடி தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. பக்கத்தில் போனபோது ஒரு நாற்றம் வந்தது. செத்த எலி எங்காவது கிடக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் அதன் கழுத்தைப் பார்த்தேன். நீல நிற நைலான் பெல்ட்டின் கொக்கி மட்டும் வெளியே தெரிந்தது. மீதிப் பட்டையைக் காணவில்லை. முடியை விலக்கிப் பார்த்தால், பட்டை தோலைக் கிழித்துக்கொண்டு சதைக்குள் இறங்கியிருந்தது. அதன் இரு பக்கமும் சதை வீங்கி, பட்டையை மூடிக்கொண்டிருந்தது. உள்ளே புழு நெளிந்தது.

மூன்று மாதக் குட்டியாக வந்தபோது போட்ட பெல்ட் அது. குட்டி வளர்ந்தது, கழுத்து பெருத்தது, பெல்ட் மட்டும் அதே துளையில் நின்றது. பாட்டிக்குப் பார்வை மங்கல், முடியோ அடர்த்தி. தினமும் சோறு வைத்துத் தலையைத் தடவிவிட்டுப் போகிறவருக்கு, தடவும் கைக்கு நான்கு விரல் கீழே என்ன நடக்கிறது என்பது தெரியாமலே போயிருக்கிறது. அன்று மாலையே ஒரு ஆட்டோ பிடித்து அதைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போனோம். மருத்துவர் மயக்க ஊசி போட்டு, முடியை மழித்து, பட்டையைத் துண்டு துண்டாக வெட்டி இடுக்கியால் எடுத்தார். எடுத்த இடத்தில் கழுத்தைச் சுற்றி ஒரு விரல் ஆழத்துக்குப் பள்ளம் இருந்தது. பாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். "நான் ஒரு நாளும் அடிச்சதில்லையே தம்பி, ஒரு குச்சி எடுத்ததில்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் கொடுமைக்காரர் அல்லர். ஆனால் ராமுவுக்கு நடந்தது கொடுமை. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்றுக்கொள்வது நமக்குக் கடினமாக இருக்கிறது. கொடுமை என்றதும் நம் மனம் உடனே ஒரு கொடியவனைத் தேடுகிறது; கல் எறிகிறவனை, வெந்நீர் ஊற்றுகிறவனை, வாலில் வெடியைக் கட்டுகிறவனை. அப்படி ஒருவன் அகப்படாவிட்டால், கொடுமையே நடக்கவில்லை என்று முடிவுக்கு வந்துவிடுகிறோம். நான் பதினெட்டு ஆண்டுகளில் கண்ட வதைகளில் பெரும்பகுதி, அடிக்காத, திட்டாத, நேரத்துக்குச் சோறு வைக்கிற வீடுகளில் நடந்தவை.

இதை நான் யாரையோ குறை சொல்வதற்காக எழுதவில்லை. என் வீட்டிலேயே நடந்திருக்கிறது. எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது, நாங்கள் தோட்டத்து லைனில் குடியிருந்தோம். அப்பா மணி என்ற நாயை மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் கட்டி வைத்திருந்தார். கன்றுக்குட்டிக்குக் காவல் என்று பேர். அப்பா தன் தட்டிலிருந்து ஒரு உருண்டை எடுத்து வைக்காமல் சாப்பிட்டு எழுந்ததில்லை. அந்த அளவுக்கு அதன் மேல் பிரியம் வைத்திருந்தார். தை மாதத்தில் ஒரு நாள் நள்ளிரவுக்குப் பிறகு ஒரே ஒரு குரல் கேட்டது. குரைப்பு மாதிரி இல்லை. அதன் பிறகு சத்தமே இல்லை. விடிந்து போய்ப் பார்த்தபோது, முளை அசையாமல் இருந்தது. சங்கிலி தேயிலைச் செடிகளை நோக்கி நேர்க்கோடு போட்டாற்போல் இழுபட்டுக் கிடந்தது. அதன் முனையில் அறுந்த தோல்வார் இருந்தது. முந்தின இரவு விழுந்த உறைபனி புல்லின் மேல் வெள்ளையாகக் கிடந்தது. அதன் நடுவே இழுத்துச் சென்ற தடம் மட்டும் பச்சையாகத் தெரிந்தது.

ஊரில் எல்லோரும் சிறுத்தை கொண்டுபோய்விட்டது என்றார்கள். அப்பாவும் அதையேதான் சொன்னார். ஒரு மாதத்துக்குள் அதே முளையில் இன்னொரு குட்டி வந்தது. நீலகிரியில் சிறுத்தை நாயைத் தூக்குவது புதிய செய்தி அல்ல. குன்னூரிலும் கோத்தகிரியிலும் வீட்டுத் திண்ணை வரை ஏறிவந்து தூக்கிப்போவதைக் கண்காணிப்புக் கேமராக்கள் இப்போது பதிவு செய்து காட்டுகின்றன. சிறுத்தை தன் இயல்புக்கு உணவு தேடுகிறது. அவிழ்த்துவிட்ட நாய் தப்பியிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் அதற்கு ஓட வழி இருந்திருக்கும், கொட்டகைக்குள் நுழைந்து ஒளிய வழி இருந்திருக்கும், கதவைப் பிறாண்ட வழி இருந்திருக்கும். அந்த மூன்று வழியையும் அடைத்தது சிறுத்தை அல்ல, நாங்கள். மணி எத்தனை முறை எங்கள் கதவின் பக்கம் இழுத்துப் பார்த்திருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

இங்கேதான் வளர்ப்புப் பிராணி மற்ற விலங்குகளிலிருந்து வேறுபடுகிறது. தெருவில் திரியும் நாய்க்குப் பசித்தால் குப்பை மேட்டுக்குப் போகும், குளிர்ந்தால் டீக்கடை அடுப்படியில் சுருண்டுகொள்ளும், பயந்தால் ஓடும். நாம் ஒன்றைக் கட்டிப்போட்டாலோ கூண்டில் அடைத்தாலோ, அது தனக்குத் தானே செய்துகொள்ளக்கூடிய அத்தனையையும் நம் கைக்கு எடுத்துக்கொள்கிறோம். அதன் தண்ணீர், நிழல், சூடு, ஓட்டம், துணை, ஒளிவிடம் எல்லாம் நம் பொறுப்பாகிவிடுகின்றன. அதற்குப் பிறகு நாம் மறந்தாலும், நேரமில்லை என்று விட்டுவிட்டாலும், அதைத் தானே சரிசெய்துகொள்ள அந்தப் பிராணிக்கு வழி கிடையாது. ஆகவே வளர்ப்பவர் செய்யாமல் விடுவதையும் செய்ததாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சட்டமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது என்று தெரிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. 1960 ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் நம் நாட்டில் உருவாகக் காரணமாக இருந்தவர்களில் முதன்மையானவர், நடனக் கலைஞராக நாம் அறிந்த ருக்மிணி தேவி அருண்டேல். 1952 இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், அங்கே தனிநபர் மசோதாவாக இதைக் கொண்டுவந்தார். பின்னர் அரசே சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தின்படி அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. சட்டத்தின் 11 ஆவது பிரிவு அடிப்பதையும் உதைப்பதையும் மட்டும் வதை என்று சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. அசைந்து திரும்ப இடமில்லாத கூண்டில் அடைப்பது, நியாயமற்ற அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டிவைப்பது, போதுமான உணவும் நீரும் உறைவிடமும் கொடுக்காதது, பட்டினியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் கைவிடுவது எல்லாம் அதில் வதை. நாய்க்கென்றே ஒரு விதி தனியாக இருக்கிறது: வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாயை நடமாட வைக்காமல் விடுவதும் வதைதான். அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இதை எழுதியவர்கள், நான் தினமும் பார்க்கும் வாசல்களைக் கண்ணால் கண்டு எழுதியிருப்பார்களோ என்று தோன்றியது.

ஆனால் அதே பிரிவு விதிக்கும் அபராதத்தைப் படித்தபோது மனம் சோர்ந்துவிட்டது. முதல் குற்றத்துக்கு 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. 1960 இல் ஐம்பது ரூபாய்க்கு ஒரு மதிப்பு இருந்தது. இன்று ராமுவுக்குப் போட்ட பெல்ட்டைக் கூட அந்தப் பணத்துக்கு வாங்க முடியாது. விலங்கைக் கொன்றால், நஞ்சு வைத்தால், முடமாக்கினால் இப்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325 ஆவது பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை உண்டு. அது தேவைதான். ஆனால் வாழ்நாள் முழுவதும் ஒன்றரை மீட்டர் வட்டத்தில் நிற்க வைப்பதற்கு ஐம்பது ரூபாய். மேலும், "நியாயமற்ற நேரம்" எவ்வளவு, "நியாயமற்ற குட்டை" எவ்வளவு என்று அளவு எதையும் சட்டம் சொல்லவில்லை. அந்த அளவை நாம்தான் ஒவ்வொரு வாசலிலும் நின்று யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் அளவைச் சொல்கிறேன். ஒரு நாய் தான் படுக்கிற இடத்தை விட்டு விலகிச் சென்று மலம் கழிக்க முடியாத சங்கிலி குட்டையானது. எந்த நாயும் தன் படுக்கையை அசுத்தப்படுத்த விரும்பாது. படுக்கை, தண்ணீர்ச் சட்டி, மலம் மூன்றும் ஒரே கைப்பிடி இடத்தில் கிடக்கும் வாசல்களை எனக்குத் தெரியும். அங்கெல்லாம் மண்ணில் வட்டமாக ஒரு தடம் பதிந்திருக்கும். புல் முளைக்காது, மழையில் சேறாகும், வெயிலில் இறுகிப் பளபளக்கும். நாய் வருடக்கணக்கில் நடந்து நடந்து போட்ட தடம் அது. அந்த வட்டத்தின் விளிம்பைப் பார்த்தாலே, அந்த நாயின் உலகம் எவ்வளவு என்று அடியெண்ணிச் சொல்லிவிடலாம்.

நேரத்துக்கும் எனக்கு ஓர் அளவு உண்டு. தேயிலை பறிக்கப் போகிற பெண் காலையில் நாயைக் கட்டிவிட்டுப் போய், மாலையில் வந்து அவிழ்த்துவிடுகிறார். அது அவருடன் தண்ணீர்க் குழாய் வரை நடக்கிறது, குழந்தைகளோடு ஓடுகிறது, இரவு வீட்டுக்குள் படுக்கிறது. பகல் முழுவதும் கட்டியிருந்தும் அதை வதை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவிழ்த்துவிடும் நேரம் என்று ஒன்று அந்த நாய்க்கு இருக்கிறது. மாலையாகும் முன்பே அது பாதையைப் பார்த்துக் காதைத் தூக்கி நிற்பதைக் கண்டிருக்கிறேன். அவிழ்ப்பவரே இல்லாத சங்கிலிதான் வதை. அந்த வகையில் பார்த்தால், கருங்கல்லில் கூண்டு கட்டி, வெளிநாட்டுத் தீவனம் போட்டு, காவலாளியின் பொறுப்பில் விட்டுவிட்டு வருடத்தில் பத்து நாள் மட்டும் வந்து போகிற பங்களாக்களின் நாய்கள், லைன் வீட்டு நாய்களைவிடப் பரிதாபமானவை. பணம் இருப்பதும் இல்லாததும் இதில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவதாக நான் பார்க்கவில்லை.

கட்டிய நாய் வெறி பிடித்தது போலக் குரைப்பதைப் பார்த்து, நல்ல காவல் நாய் என்று மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். என் அனுபவம் வேறு. எட்டு ஆண்டுகளுக்கு முன் என்னைக் கடித்தது, ஒரு நாளும் அவிழ்த்துவிடப்படாத ஒரு நாய். அன்று துருப்பிடித்த கொக்கி உடைந்துவிட்டது. அதற்கு மனிதர்களோடு பழகும் வழியே யாரும் காட்டியதில்லை. வருகிறவர்களெல்லாம் அதற்கு ஓட முடியாத நேரத்தில் எதிரே வரும் ஆபத்து. என் கெண்டைக்காலில் பல் பதிந்தது. காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனையில் 0, 3, 7, 28 ஆம் நாட்களில் ஊசி போட்டுக்கொண்டேன். அந்த நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டபோது, அந்த வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 1907 ஆம் ஆண்டிலிருந்து பாஸ்டர் நிறுவனம் பக்கத்தில் குன்னூரில் இருக்கிறது. வெறிநாய்க்கடிக்குத் தென்னாட்டு மக்கள் மருந்து தேடி வந்த மலை இது. இந்த மலையில் இருந்துகொண்டு வளர்ப்பு நாய்க்கு ஆண்டுக்கு ஓர் ஊசி போடாமல் விடுவது, நாய்க்கும் கொடுமை, அந்த வீட்டுக் குழந்தைகளுக்கும் கொடுமை. ஊசி குத்தினால் வலிக்கும், குட்டி கத்தும், ஐயோ பாவம் என்று தோன்றும். அந்த ஒரு நொடி வலியைத் தாங்க முடியாமல் விடுகிற இரக்கத்தை இரக்கமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சையையும் பாவம் என்று தவிர்க்கிறவர்கள் பலர். அதே வீட்டார், பெட்டை நாய் வருடத்துக்கு இரண்டு முறை ஈன்றதும், கண் திறக்காத குட்டிகளைச் சாக்கில் போட்டு எஸ்டேட் ரோட்டோரம் வைத்துவிட்டு வருவார்கள். பகலில் வைத்தால் பார்த்துவிடுவார்கள் என்று அதிகாலையில் வைப்பார்கள். முதலில் அந்தச் சாக்குகளைத் தாண்டிப் போகிறவன் பெரும்பாலும் நான்தான் என்பதால், இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

அன்பினால் செய்யும் கொடுமை என்று ஒரு வகை உண்டு. அதைச் சொல்லும்போதுதான் கேட்பவர்களுக்குக் கோபம் வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டு லாப்ரடாருக்குத் தினமும் காலையில் டீயில் நனைத்த வர்க்கி நான்கு. அது கேட்கிறது, இவர்கள் கொடுக்கிறார்கள். இப்போது அதனால் எட்டுப் படி ஏற முடியவில்லை. நான்காவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறது. இன்னொரு வீட்டில், சுற்றுலாவுக்கு வந்த உறவினர் பிள்ளைகள் ஊட்டியில் வாங்கிய சாக்லேட்டை நாய்க்குட்டிக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கொக்கோவில் உள்ள தியோபுரோமின் என்ற பொருள் நம் உடம்பில் விரைவாகக் கரைந்துவிடும். நாயின் உடம்பில் அது நெடுநேரம் தங்கி இதயத்தையும் நரம்பையும் தாக்கும். கறுப்புச் சாக்லேட்டில் அது இன்னும் அதிகம். தெருவுக்கு நான்கு சாக்லேட் கடை இருக்கும் ஊரில் வாழும் நாம், இதை ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லி வைக்க வேண்டாமா?

நாயின் இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே சிலருடைய ஆசை வதையாகிவிடுகிறது. மூக்கு முகத்துக்குள் புதைந்து, கண் வெளியே பிதுங்கி நிற்கும் பக் நாயை அழகு என்று வாங்குகிறோம். அது தூங்கும்போது விடும் குறட்டையைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புகிறோம். குறுகிய மூச்சுப்பாதையின் வழியே காற்றுக்குப் போராடும் சத்தம் அது. ஆண்டுதோறும் கோடையில் ஊட்டியில் நாய்க் கண்காட்சி நடக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் முகத்தின் அழகோடு, அந்த நாய் மூச்சு விடும் விதத்தையும் சற்று நின்று கவனித்தால் நல்லது. நம் ஊர்ச் சிப்பிப்பாறையும் கன்னியும் இந்தக் குறை இல்லாதவை. ஆனால் அவை வேட்டைக்காக, முயலைத் துரத்திப் பிடிப்பதற்காக உருவான உடம்புகள். அப்படி ஒன்றை வாங்கி இரண்டு அறை வீட்டின் மாடிப்படிக்குக் கீழே கட்டிவைப்பதை நாட்டு இனத்தைக் காப்பாற்றுவதாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நாயைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். நாய் குரைத்தாவது தன் இருப்பைச் சொல்லும். குரல் இல்லாதவற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கடைகளில் சிறிய புட்டிகளில் ஃபைட்டர் மீன் விற்கிறார்கள். தண்ணீர்ப் பரப்புக்கு மேலே வந்து காற்றை நேராகச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு உண்டு. அதனால்தான் புட்டியிலும் உடனே சாகாது. சாகாமல் இருப்பதையே சுகமாக இருப்பதாக விற்பவரும் சொல்கிறார், வாங்குபவரும் நம்புகிறார். அது தாய்லாந்துப் பக்கத்து வெப்ப நாட்டு மீன். இருபத்தைந்து டிகிரி வெப்பத்துக்குப் பழகியது. மார்கழி இரவில் எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீரில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு, சூடேற்றி இல்லாத அந்தப் புட்டிக்குள் அது ஏன் அடியில் அசையாமல் கிடக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பச்சைக் கிளியை வளர்ப்பது 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது இப்போது பலருக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே அதற்குப் பதிலாக, லவ் பேர்ட்ஸ் என்ற பேரில் கடைகளில் விற்கும் பட்ஜெரிகார் பறவையை வாங்குகிறார்கள். ஆஸ்திரேலியாவில் கூட்டம் கூட்டமாகப் பறந்து திரியும் பறவை அது. வெளிநாட்டுப் பறவை என்பதால் வனத்துறை கேட்காது. ஷூ பெட்டி அளவுக் கூண்டில் அதுவும் கிளியைப் போலவே சிறகை விரிக்க இடமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

விலங்குகளுக்கு ஐந்து சுதந்திரங்கள் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014 இல் ஜல்லிக்கட்டு வழக்கின் தீர்ப்பில் சொன்னது. அந்த வழக்கு பிற்பாடு சட்டத் திருத்தத்தால் வேறு வழியில் போனது. அதைப் பேச நான் வரவில்லை. பசி தாகம் இல்லாமை, அச்சம் இல்லாமை, உடல் வருத்தமும் குளிர் வெப்பத்தின் வாட்டமும் இல்லாமை, காயமும் நோயும் இல்லாமை என்ற நான்கையும் எல்லோரும் தலையாட்டி ஏற்பார்கள். ஐந்தாவது, தன் இனத்துக்குரிய இயல்புப்படி நடந்துகொள்ளும் சுதந்திரம். நாய்க்கு அது மோப்பம் பிடித்து நடப்பது, பறவைக்குப் பறப்பது, முயலுக்குத் தோண்டுவது. இதை மட்டும் நாம் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். எங்கள் மலையில் தோடர் பழங்குடியினர் ஒவ்வோர் எருமைக்கும் பெயர் வைத்து அழைக்கிறார்கள், உப்பு கொடுக்கும் நாளைச் சடங்காகவே நடத்துகிறார்கள். அந்த எருமைகள் பகலெல்லாம் புல்வெளியில் தம் போக்கில் மேய்ந்துவிட்டு மாலையில் தொழுவத்துக்குத் திரும்புகின்றன. பெயர் வைத்த பாசமும் அவிழ்த்துவிட்ட வாழ்வும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு இந்த மலையில் எங்கும் தேடிப் போக வேண்டியதில்லை.

இவ்வளவு சொன்ன நானே, இரவில் என் நாயை வீட்டுக்குள் வைத்துக் கதவைத் தாழிடுகிறேன். அது வெளியே போக வேண்டும் என்று சில நாள் கதவருகில் முனகும். சிறுத்தையும் கரடியும் காட்டுமாடும் நடமாடும் ஊரில் இருட்டிய பிறகு திறந்துவிட முடியாது. அடைப்பது எல்லாமே வதை என்று சொல்பவர்களுக்கு இந்த மலை இரவுகள் தெரியாது. யாருக்காக அடைக்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். மணியை அப்பா வெளியே கட்டியது கன்றுக்குட்டிக்காக.

இன்னும் கடினமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் நாய்க்குப் பதினான்கு வயதில் வயிற்றில் கட்டி வந்தது. எழுந்து நிற்க முடியவில்லை, படுத்த இடத்தில் புண் வந்தது, இரவெல்லாம் முனகியது. மருத்துவர், இனி மருந்து இல்லை, ஊசி போட்டு வலியில்லாமல் முடித்துவிடலாம் என்றார். கொல்வது பாவம் என்று மறுத்து மூன்று வாரம் வைத்திருந்தேன். தினமும் புண்ணைக் கழுவினேன், ஸ்பூனால் கஞ்சி ஊற்றினேன். பார்த்தவர்களெல்லாம் என்னைப் புண்ணியவான் என்றார்கள். அந்த மூன்று வாரமும் அதன் வலியைவிட என் கை சுத்தமாக இருப்பதையே பெரிதாக நினைத்திருக்கிறேன் என்று இப்போது படுகிறது. மருத்துவர் சொன்ன அன்றே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

பாட்டியிடம் இதையெல்லாம் நான் பேசவில்லை. ராமுவின் கழுத்துக் காயம் ஆற ஒன்றரை மாதம் ஆயிற்று. அதுவரை பெல்ட் போடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், அது சமையலறை மூலையில் அடுப்புச் சூட்டில் கிடந்தது. ஆறிய பிறகு மார்பைச் சுற்றிப் போடும் வார் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். வார்க்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும், மாதம் ஒரு முறை விரல் விட்டுப் பாருங்கள் அம்மா, கண் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாய்ப்புத் தூணிலிருந்து எதிரே உள்ள சில்வர் ஓக் மரம் வரை ஏறத்தாழ பன்னிரண்டு மீட்டருக்குத் தலைக்கு மேலே ஜி.ஐ. கம்பி இழுத்துக் கட்டி, அதில் ஒரு வளையம் கோத்து, சங்கிலியை அதில் மாட்டினோம். வளையம் கம்பியில் உருண்டு வரும். பகலில் நாய் அதோடு போய்வரலாம். இரவில் வீட்டுக்குள் விடுவதாகப் பாட்டி ஒப்புக்கொண்டார்.

சங்கிலியை மாட்டியதும் ராமு நடந்தது. பழைய முளையைச் சுற்றிப் பதிந்திருந்த மண் வட்டத்தின் விளிம்பு வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. மேலே வளையம் தாராளமாக உருண்டுகொண்டிருந்தது. நான் மரத்தடியில் உட்கார்ந்து கூப்பிட்டேன். பாட்டி கிண்ணத்தில் சோற்றை வைத்துக்கொண்டு, "வாடா ராசா, இனி வரலாம்டா" என்று கூப்பிட்டார். வாலை ஆட்டியது, முனகியது, முன்காலை எடுத்து வட்டத்துக்கு வெளியே இருந்த புல்லில் வைத்துவிட்டு உடனே பின்னுக்கு இழுத்துக்கொண்டது. அன்று முழுவதும் அப்படித்தான். அதற்கு ஒன்பது நாள் கழித்து அந்தப் பக்கம் தபால் இருந்தது. படி இறங்கும்போதே குரைத்துக்கொண்டு மரத்தடி வரை ஓடி வந்தது. வரும் வழியில் அந்த விளிம்பில் மட்டும் ஒரு கணம் நின்றது.